பாழ்மனையும் ஒளிப்படமும்: ஜெர்மனியின் ஆள் ஒழிந்த ஊர்களை அகநானூற்றின் துணைகொண்டு நோக்கல்

முன்னுரை

ஆள் ஒழிந்த வீடுகளை ஒளிப்படம் எடுப்பது இன்றைய ஜெர்மனியில் பலர் விரும்பி ஈடுபடும் ஒரு கலைவகையாக உள்ளது. கூரை சரிந்த பண்ணைவீடு, சன்னல் வழியே உள்ளே படர்ந்த கொடி, சுவரில் மாட்டியபடியே விடப்பட்ட சிலுவை, மேசைமேல் தூசு படிந்த கோப்பை ஆகியன இவ்வகைப் படங்களில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. நூல்களாகவும் நாட்காட்டிகளாகவும் கண்காட்சிகளாகவும் இவை மக்களைச் சென்றடைகின்றன. 2012-இல் ஹாம்பர்க் கலைக்கூடம் நடத்திய ஒளிப்படக் கண்காட்சி ஒன்று 'லாஸ்ட் பிளேசஸ்' என்னும் தொடரையே தலைப்பாகக் கொண்டிருந்தது.

இப்படங்களின் அழகு மறுக்கத்தக்கதன்று. எனினும் வீடு ஏன் வெறுமையாயிற்று என்னும் வினாவுக்கு அவை தரும் விடை ஆராயத்தக்கது. காலம் கடந்தது, இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டது என்பதே பெரும்பாலான படங்கள் குறிப்பாக உணர்த்தும் விடை. ஜெர்மனியின் மேற்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஒழிக்கப்பட்ட ஊர்களைப் பொறுத்தவரை இவ்விடை உண்மையாகாது. அங்கு வீடுகளை வெறுமையாக்கியது ஆணை. இந்த வேறுபாட்டைப் படங்கள் எவ்வாறு காட்டுகின்றன, எவ்வாறு மறைக்கின்றன என்பதை அகநானூற்று 167-ஆம் பாடலை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

'லாஸ்ட் பிளேசஸ்' என்பது ஆங்கிலச் சொற்களால் ஆயினும் ஜெர்மானியர் தமக்கென ஆக்கிக்கொண்ட வழக்கு. ஆங்கிலம் பேசுவோர் இப்பொருளில் இத்தொடரை வழங்குவதில்லை. 'இழந்த இடங்கள்' என்று இதனைப் பெயர்த்தால் உடனே எழும் வினா, இழந்தவர் யார் என்பது. தொடர் அதற்கு இடம் தரவில்லை. இடம் தானாகவே தொலைந்து போனது போன்ற தோற்றம் பிறக்கிறது.

தமிழில் 'கைவிடப்பட்ட வீடு' என்று எழுதுவது வழக்கம். இதுவும் சிக்கலுக்கு உரியதே. கைவிடுதல் என்னும் வினை, விட்டவர்மீது பழி சுமத்தும் இயல்புடையது. பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டனர், அரசு மக்களைக் கைவிட்டது என்பன போன்ற ஆட்சிகள் இதனைத் தெளிவுபடுத்தும். விருப்பமின்றி வெளியேறிய குடும்பத்தின் வீட்டைக் 'கைவிடப்பட்டது' என்று குறிப்பிடும்போது, வெளியேற்றியவர் மறைந்து வெளியேறியவரே குற்றத்துக்கு உரியவராகிறார்.

ஜெர்மன் மொழியிலேயே பழமையான சொல் ஒன்று உண்டு. மக்கள் நீங்கி அழிந்த குடியிருப்பை 'வ்யூஸ்டுங்' என்பர். இடைக்காலத்தின் இறுதியில் அந்நாட்டில் பல ஊர்கள் இவ்வாறு ஒழிந்ததை வில்ஹெல்ம் ஆபெல் 1943-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். பாலைவனத்தைக் குறிக்கும் 'வ்யூஸ்டெ' என்னும் சொல்லும் இதுவும் ஒரே அடியிலிருந்து பிறந்தவை. ஒளிப்படக் கலைஞர் இங்கெ ராம்போ, கிழக்கு ஜெர்மனியில் சுரங்கம் தோண்டி விடப்பட்ட நிலப்பரப்புகளை 1990-களின் தொடக்கத்தில் படமாக்கி, அத்தொடருக்கு 'வ்யூஸ்டுங்கன்' என்று இச்சொல்லின் பன்மையையே பெயராக இட்டார். பாழான ஊரும் பாலை நிலமும் ஒரே சொல்லடியில் இணையும் இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதிதன்று. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. மற்ற நிலங்கள் தம் இயல்பு கெட்ட நிலையில் பாலை ஆகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை என்பது ஒரு நிலத்துக்கு நேர்ந்த நிலைமாற்றம். ஆகவே அம்மாற்றத்துக்குக் காரணம் யாது என்னும் வினா அதன் இலக்கணத்திலேயே அடங்கியுள்ளது.

அகநானூறு காட்டும் பாழ்

அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலைத்திணைக்கு உரியவை. அவற்றுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 167-ஆம் பாடல், ஆள் ஒழிந்த ஊர் ஒன்றைச் சங்க இலக்கியத்தில் மிக விரிவாகக் காட்டும் பாடல்களுள் ஒன்று. தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். இன்று உயர்ந்த மாளிகையில் தலைவியோடு இனிதாகப் பொழுது கழிந்தது. நாளை உறக்கமின்றித் தனிமை வருத்த, பாழ்பட்ட பொதியிலில் தங்க நேருமோ என்று அவன் அஞ்சுகிறான்.

அப்பொதியிலின் நிலையைப் புலவர் ஒவ்வொன்றாகக் கூறுகிறார். யானை முதுகை உரசியதால் செங்கற்சுவர் தளர்கிறது, உத்தரம் வீழ்கிறது, புறாக்கள் மாடத்தை விட்டு நீங்குகின்றன, சுவரில் எழுதப்பட்டிருந்த கடவுள் அகன்றுவிட்டதால் பலியிடுவாரும் இல்லை, திண்ணையை மெழுகுவாரும் இல்லை, கைம்மரங்களைக் கறையான் அரிக்கிறது. இன்றைய ஒளிப்படக் கலைஞர் தேடிச் செல்லும் காட்சிகள் ஏறத்தாழ அனைத்தும் இதில் உள்ளன. சரிந்த கூரை, புகுந்த விலங்கு, படர்ந்த பீர்க்கு, வெறுமையான வழிபாட்டிடம் என அவற்றைப் பட்டியலிடலாம்.

ஆயினும் இக்காட்சிகளுக்கெல்லாம் முன்பாகப் புலவர் ஒரு செய்தியை வைத்துவிடுகிறார். வணிகச் சாத்துகளைத் தாக்கி வழிப்பறி செய்யும் வில்லேந்திய ஆடவரின் பகைக்கு அஞ்சி ஊரே எழுந்து போயிற்று என்பது அச்செய்தி. யானையும் கறையானும் அதன் பின்னரே வருகின்றன. ஊரை ஒழித்தவர் மனிதர். ஒழிந்த ஊரைச் சிதைத்தது இயற்கை. இவ்விரண்டையும் பாடல் ஒன்றோடொன்று குழப்பவில்லை. காரணத்தைத் தனிக் குறிப்பாக ஒதுக்காமல், பாழின் வருணனையோடு ஒரே தொடரில் அது பிணைத்திருக்கிறது.

காண்பவனின் இடமும் இங்குக் கருதத்தக்கது. தலைவன் பாழை வேடிக்கை பார்க்கச் செல்பவன் அல்லன். அவன் அங்கு ஓர் இரவேனும் தங்க வேண்டியவன். ஒப்பிட்டு நோக்க அவனுக்கு ஒரு வீடு உண்டு. அவ்வீட்டைப் பிரிய நேர்வதே அவன் துயர். ஆகவே பாழ்மனை அவனுக்கு அழகுப் பொருளாக நின்றுவிடாமல், தன் வீட்டுக்கும் நேரக்கூடிய நிலையாகத் தோன்றுகிறது. காரணம் கூறுதல், இயற்கையையும் மனிதச் செயலையும் பிரித்தறிதல், காண்பவன் தன்னையும் அப்பாழுக்குள் வைத்து எண்ணுதல் ஆகிய மூன்றும் இப்பாடல் தரும் அளவுகோல்கள்.

கார்ட்ஸ்வைலர்: ஆணையால் ஒழிந்த ஊர்கள்

நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், கொலோன், ஆகன், மியோன்ஷன்கிளாட்பாக் நகரங்களுக்கு இடைப்பட்ட சமவெளி செழிப்பான வண்டல்போன்ற மண் படிந்த வேளாண் நிலம். கோதுமையும் சர்க்கரை பீட்கிழங்கும் விளையும் இந்நிலத்தைத் தமிழ் மரபில் மருதம் எனலாம். மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி உள்ளது. ஆர்டபிள்யூஈ நிறுவனத்தின் கார்ட்ஸ்வைலர் திறந்தவெளிச் சுரங்கம் முன்னேறிவந்த வழியில் ஓட்ஸன்ராத், போர்ஷமிஷ், இம்மெராத் முதலிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழிந்தன.

நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. மாநில அரசின் திட்டம் ஒப்புதல் பெறும். புதிய இடத்தில் மனைகள் ஒதுக்கப்பட்டு, பழைய பெயரோடு 'புதிய' என்னும் அடைமொழி சேர்க்கப்படும். வீடுகளை நிறுவனம் விலைகொடுத்து வாங்கும். மக்கள் சில ஆண்டுகளில் படிப்படியாகப் பெயர்வர். கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டோரும் தோண்டி எடுக்கப்பட்டுப் புதிய ஊரில் மீண்டும் அடக்கம் செய்யப்படுவர். இறுதியில் கட்டடங்கள் இடிக்கப்படும். முதல் குடும்பம் வெளியேறிய நாளுக்கும் கடைசி வீடு இடிக்கப்படும் நாளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஒளிப்படக் கருவிகள் ஊருக்குள் நுழைகின்றன.

இம்மெராத் ஊரின் புனித லம்பெர்ட்டுஸ் தேவாலயம் 1888 முதல் 1891 வரை கட்டப்பட்டது. இரு கோபுரங்களோடு சுற்றுவட்டாரம் முழுதும் தெரிய நின்ற அதனை மக்கள் 'இம்மெராத் பேராலயம்' என்றே வழங்கினர். 2013 அக்டோபரில் அதன் திருநிலை முறைப்படி நீக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அது இடிக்கப்பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அது கடவுள் அகன்ற கோயிலாக நின்றது. சுவரிலிருந்து கடவுள் நீங்கியதைக் கூறும் அகநானூற்றுப் புலவரின் சொல் இங்கு உவமையளவில் நில்லாமல், நாள் குறிக்கப்பட்ட ஒரு சடங்காகவே நிகழ்ந்திருக்கிறது.

அதே 2013 டிசம்பர் 17 அன்று ஜெர்மன் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் கார்ட்ஸ்வைலர் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. நடமாட்ட உரிமை என்னும் அடிப்படை உரிமைக்குள், இத்தகைய திட்டங்களுக்கு எதிராகச் 'சொந்த ஊருக்கான உரிமை' ஒன்று அடங்காது என்று நீதிமன்றம் கருதியது. அதே வேளையில், பாதிக்கப்படுவோர் காலம் கடந்துபோகும் முன்னரே நீதிமன்றத்தை நாடும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. 'ஹைமாட்' என்னும் ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் நெருங்கிய சொல் 'சொந்த ஊர்'. மனை, உடைமை, அதற்கு விலை உண்டு. ஊர் அவ்வாறு அளக்கப்படக்கூடியதன்று. ஒழிந்த வீட்டின் படம் காட்ட வேண்டிய இழப்பு எது என்பதை இத்தீர்ப்பு தன்னையறியாமலே சுட்டிவிடுகிறது.

பின்னர் நிகழ்ந்தவை இவ்வூர்களின் பொருளை மேலும் மாற்றின. லூட்சராத் சிற்றூரில் மக்கள் நீங்கிய வீடுகளில் காலநிலைப் போராளிகள் குடியேறினர். 2023 ஜனவரியில் காவல்துறை அவர்களை வெளியேற்றியது. 2022 அக்டோபரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, ரைன்லாந்தில் பழுப்பு நிலக்கரிப் பயன்பாட்டை முடிக்கும் ஆண்டு 2030 ஆக முன்கொணரப்பட்டது. கையென்பெர்க், குக்கும், ஓபர்வெஸ்ட்ரிஷ், உண்டர்வெஸ்ட்ரிஷ், பெர்வெராத் ஆகிய ஐந்து ஊர்களும் இடிபாட்டிலிருந்து தப்பின. ஆனால் அதற்குள் அங்கிருந்தோருள் பெரும்பாலோர் பெயர்ந்துவிட்டனர். அண்டையிலுள்ள ஹம்பாக் சுரங்கத்தை ஒட்டிய மோர்ஷெனிஷிலும் இதே நிலை. அங்குக் காலியான வீடுகள் சிலவற்றில் அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். ஒரு வீடு ஆணையால் ஒழிகிறது, ஆணை மாறுவதால் நிலைக்கிறது, வேறொரு நாட்டில் வீட்டை இழந்தவர் அதில் விளக்கேற்றுகிறார். 'காலத்தால் கைவிடப்பட்ட இடம்' என்னும் தலைப்புக்குள் இவ்வரலாறு அடங்குமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

காலமா, ஆணையா?

பாழைக் காலத்தின் செயலாகக் காணும் பார்வைக்கு ஜெர்மனியில் நீண்ட மரபு உண்டு. காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் 1809–10-இல் வரைந்த ஓக் மரங்களிடையே நிற்கும் மடாலய இடிபாட்டு ஓவியம் அதன் புகழ்பெற்ற சான்று. கியோர்க் சிம்மல் 1907-இல் எழுதிய 'இடிபாடு' என்னும் கட்டுரையில் இப்பார்வைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். மனித மனம் மேல்நோக்கி எழுப்பியதை இயற்கை கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரண்டும் சமநிலை பெறும் கணமே இடிபாட்டின் கவர்ச்சி என்பது அவர் கருத்து.

சிம்மலின் வாதத்தில் பிற்காலத்தார் பலர் கவனியாது விட்ட ஒரு பகுதி உண்டு. மனிதரே இடித்த கட்டடத்துக்கு இக்கவர்ச்சி வாய்க்காது என்கிறார் அவர். மேலும், வீடு சிதைவதை மனிதர் வாளாவிருந்து விட்டுவிடும் நிலையும் அவருக்கு மன அமைதியைக் குலைப்பதாகத் தோன்றுகிறது. இயற்கையின் செயலுக்கு மனிதர் உடந்தையாகிவிடுகின்றனர் என்பதே காரணம். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், கார்ட்ஸ்வைலர் வீட்டின் சன்னலில் படர்ந்த கொடியை இயற்கையின் வெற்றியாகக் காட்டும் படம் சிம்மலின் கோட்பாட்டுக்கே முரணானது. அக்கொடி படர்வதற்கு இடமளித்தது ஒரு விற்பனைப் பத்திரம். கொடிக்குப் பின்னே பொக்லைன் இயந்திரம் காத்திருக்கிறது. இயற்கைக்கு அங்கு வெற்றியே இல்லை. சில ஆண்டு இடைவேளை மட்டுமே அதற்குக் கிடைத்தது.

இதற்கு மறுப்பு ஒன்று கூறலாம். ஒளிப்படம் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பதிவுசெய்யும். காரணம் கண்ணுக்குத் தெரியாதது. சொற்கலையாகிய பாடலோடு ஒளிக்கலையை ஒப்பிடுதல் பொருந்தாது என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. எனினும் ஒளிப்படம் தனித்து மக்களை அடைவதில்லை. தலைப்பு, ஊர்ப்பெயர், ஆண்டு, படங்களின் வரிசை, எங்கிருந்து நோக்குவது என்னும் தெரிவு ஆகியன படைப்பின் உறுப்புகளே. பூட்டிய வீட்டின் பின்புலத்தில் சுரங்கத்தின் விளிம்பைச் சேர்த்தெடுப்பதும் விலக்கியெடுப்பதும் கலைஞரின் முடிவு. இடிக்கப்பட்ட வீட்டின் படத்தை அடுத்து, புதிய ஊரில் அதே குடும்பத்தின் வீட்டை வைப்பதும் வையாது விடுவதும் அவ்வாறே.

முகவரியின் மதிப்பு

காரணம் கூறாவிடினும் இடமேனும் கூறும் ஒளிப்பட மரபு ஜெர்மனியிலேயே உள்ளது. பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் இணையர் சீகன் தொழிற்பகுதியின் மரச்சட்டக வீடுகளைப் பல ஆண்டுகள் படமாக்கி 1977-இல் நூலாக்கினர். மேகம் மூடிய வானம், நேர்முகப் பார்வை, மனிதர் எவரும் இல்லாத முற்றம் ஆகியன அவர்களது முறை. அவை ஆள் ஒழிந்த வீடுகள் அல்ல. ஆயினும் ஒழிந்தவை போன்ற அமைதி கொண்டவை. உணர்ச்சியற்றவை என்று அவற்றைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் ஒவ்வொரு படத்தின்கீழும் தெருப்பெயரும் வீட்டெண்ணும் ஊர்ப்பெயரும் உள்ளன. மேலும், 1790-இல் அப்பகுதியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, இரும்பு உருக்குதலுக்கான கரிக்கு மரம் தேவைப்பட்டதால், வீடு கட்ட மரம் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. அவ்வீட்டு முகப்புகளின் சிக்கனமான கோடுகளுக்கு அச்சட்டமே காரணம் என்பதையும் பெஹர் இணையர் கருத்திற்கொண்டனர். ஓர் ஆணை வீட்டின் முகத்தில் எழுதப்பட்டிருப்பதை அவர்தம் படங்கள் படிக்கச் செய்கின்றன.

இதற்கு மாறாக, ஆள் ஒழிந்த வீடுகளைப் படமெடுப்போரிடையே முகவரியை மறைப்பதே நெறியாக உள்ளது. திருடரும் சூறையாடுவோரும் வந்து அழிப்பர் என்னும் அச்சம் நியாயமானது. பிறர் மனைக்குள் இசைவின்றி நுழைதல் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதும் மற்றொரு காரணம். ஆயினும் இம்மறைப்பால் நேரும் விளைவைக் கருத வேண்டும். ஊர்ப்பெயர் நீங்கியதும் வீடு 'ஏதோ ஒரு வீடு' ஆகிறது. அதன் ஆணையும் நீங்கிவிடுகிறது. திணைக் கோட்பாட்டின் சொற்களால் கூறினால், கடவுள், தொழில், உணவுக்கலம் ஆகிய கருப்பொருளின் எச்சங்கள் படத்தில் நிரம்பியிருக்க, முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் பெயரற்றுப்போகின்றன. அவற்றால் உணர்த்தப்பட வேண்டிய பிரிவு என்னும் உரிப்பொருள் பொதுவான ஏக்கமாகக் கரைகிறது.

பெயரைக் காக்கும் பணியைச் செய்வோரும் உள்ளனர். போலந்து எல்லையருகே லௌசிட்ஸ் பகுதியில் சுரங்கத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்த ஊர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பல, சோர்பியர் என்னும் சிறுபான்மை மொழியினரின் ஊர்கள். ஹோர்னோ என்று ஜெர்மன் மொழியிலும் ரோகொவ் என்று சோர்பிய மொழியிலும் வழங்கிய ஊரின் மக்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றும் ஊரைக் காக்க இயலவில்லை. அம்மக்கள் ஃபோர்ஸ்ட் நகரில் மீள்குடியேறிய இடத்தில் 'மறைந்த ஊர்களின் காப்பகம்' அமைந்துள்ளது. ஒரு மொழியின் ஊர்ப்பெயர்கள் அழியும்போது அம்மொழிக்கு நேரும் இழப்பைத் தமிழ் ஆய்வுலகம் எளிதில் உணரும்.

தோம்பும் தமிழரின் வீடுகளும்

இவ்வாய்வு தமிழியலுக்கு அயலானதன்று. 1980-கள் முதல் ஜெர்மனிக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழருள் பலர் இதே நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் வாழ்கின்றனர். 2002-இல் குடமுழுக்குக் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் கோயிலும் இம்மாநிலத்திலேயே உள்ளது. அவர்கள் விட்டுவந்த வீடுகள் பலவும் படமாக்கப்பட்டவையே. கூரையற்ற சுவர், தரையைப் பிளந்து வளர்ந்த ஆலமரம், குண்டு துளைத்த தூண் என யாழ்ப்பாணத்து வீடுகளின் படங்கள் உலகெங்கும் உலவுகின்றன. வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடுகளைச் சிதைத்தது ஆலமரம் என்று கூறினால், அதனை ஏற்கும் உரிமையாளர் எவரும் இரார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட, 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய நூல், இச்சிக்கலுக்கு வேறொரு விடை தருகிறது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் பேணிய காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த எண்பது பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அவ்வரைபடமும், அதனைக் கட்டடக்கலை முறையில் திருத்தி வரைந்த படமும், சனாதனனின் ஓவியமும் நூலில் அடுத்தடுத்து அமைகின்றன. கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்பன இன்று அங்கு நிற்கும் சுவர்களைக் காட்டிலும் துல்லியமாகத் தெரிகின்றன. ஆள் ஒழிந்த வீடு இங்கு அதில் வாழ்ந்தவரின் கையாலேயே வரையப்படுகிறது. பாழைத் தன் வீட்டோடு ஒப்பிட்டு அஞ்சிய அகநானூற்றுத் தலைவனின் பார்வை இதற்கு மிக நெருக்கமானது.

ஒளிப்படத்தைத் தள்ளிவிட்டுத் தோம்பைக் கொள்ள வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நினைவு திருத்தி வரையும். ஒளிப்படம் அவ்வாறு செய்யாது. இருக்கும் சுவரின் விரிசலை ஒளிப்படமும், இல்லாத அறையின் அளவை நினைவும் காக்கின்றன. இரண்டையும் இணைக்கும் பணி எஞ்சியுள்ளது.

முடிவுரை

பாழ்மனை ஒளிப்படத்தின் தகுதியை அதன் ஒளியமைப்பைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. ஊரை எழுப்பியது பகையா, பஞ்சமா, சுரங்கமா, போரா என்பதைப் படைப்பு தன்னுள் எங்கேனும் கூறுகிறதா. யானையின் செயலையும் வில்லாளரின் செயலையும் பிரித்துக் காட்டுகிறதா. பார்ப்பவரைத் தம் வீட்டை எண்ணச் செய்கிறதா என்பன அகநானூறு 167 வழங்கும் வினாக்கள். ஜெர்மானியப் படங்களுள் பெஹர் இணையரின் முகவரியும் ஃபோர்ஸ்ட் காப்பகத்தின் ஊர்ப்பெயர்களும் இவற்றுக்குப் பகுதி விடை தருகின்றன. பெயரையும் ஆணையையும் நீக்கிய படங்கள் எவ்வளவு அழகியனவாயினும் விடை தரவில்லை.

தமிழகத்திலும் இவ்வினாக்களுக்கு உடனடிப் பயன் உண்டு. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது முதல் அங்கு நிலமும் வீடும் கொடுத்துப் பெயர்ந்த ஊர்கள் பல. அச்சுரங்கத்தில் மண்ணை அகழும் சக்கர வாளி இயந்திரங்கள் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் அமைந்தவை. ரைன்லாந்தையும் பழைய தென்னார்க்காட்டையும் ஒரே வகைப் பொறி அகழ்ந்திருக்கிறது. நெய்வேலியில் ஒழிந்த ஒவ்வோர் ஊருக்கும் பழைய பெயர், நிலம் எடுக்கப்பட்ட அரசாணையின் நாள், வாழ்ந்தோர் நினைவிலிருந்து வரையும் தரைப்படம், கிடைக்கும் ஒளிப்படம் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் சேர்க்கும் ஆவணத் தொகுப்பு ஒன்றைத் தமிழ் ஆய்வு நிறுவனங்கள் மேற்கொள்ளுதல் வேண்டும். நினைவிலிருந்து வரையக்கூடிய முதல் தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். ஆதலின் நான்கனுள் தரைப்படமே முதலில் தொடங்கத்தக்கது.